ஒரு பிரௌசர், ஊர் முழுக்க ஆட்கள்: மன்னார்குடி பிரௌசிங் சென்டர் ஒன்றில் குக்கீத் தடுப்பு – நிகழ்வு ஆய்வு

மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரௌசிங் சென்டர். மூன்று கணினி, இரண்டு பிரிண்டர், ஒரு லேமினேஷன் மெஷின். பட்டா, சிட்டா எடுப்பது, மின்கட்டணம் கட்டுவது, ரயில் டிக்கெட், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், ஜாதகம் என்று எல்லா வேலையும் வரும். நவம்பரில் சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கெடு நெருங்கும்போது சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு வாசல்வரை வரிசை நிற்கும். அந்தக் கடையின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. கீழே வருகிறவர்களின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொழில்நுட்ப விவரங்களில் கை வைக்கவில்லை.

சம்பாவுக்கு நாற்று விட்டுக்கொண்டிருந்த நேரம். டெல்டாவில் அது கைக்காசு வறளும் காலம். உழவு, நடவுக்கூலி, உரம் என்று செலவு வரிசையாக நிற்கும். பீரோவில் இருக்கும் நகை கூட்டுறவுச் சங்கத்துக்கோ அடகுக்கடைக்கோ போகும், அறுவடை முடிந்து தை, மாசியில் திரும்பும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனாலும் யார் வீட்டு நகை எங்கே இருக்கிறது என்பதை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள்.

கடைக்காரர் அண்ணன் போன் செய்தார். "தம்பி, வைரஸ் பூந்துடுச்சு போல. எந்த கம்ப்யூட்டர்ல யாரு உக்காந்தாலும் அடகு நகையை மீட்டுத் தர்றோம், மீட்டுத் தர்றோம்னு அதே விளம்பரம்தான் வருது. நேத்து ஒருத்தர், 'என்னய்யா, கடை அடகுக்குப் போயிடுச்சா'ன்னு கேக்குறாரு."

அது கிண்டலோடு போயிற்று. இரண்டாவது புகார் அப்படி இல்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரு பையன், தன் கூகுள் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று கடைக்கே போன் போட்டுச் சத்தம் போட்டிருக்கிறான். அவன் போனில் தேடல் பெட்டியைத் தொட்டால் அவன் தேடாததெல்லாம் வந்து நிற்கிறதாம்: குரூப் 4 ஹால் டிக்கெட், யாருடைய திருமணப் பொருத்தமோ, அடகு நகை வட்டி. சில நாள் முன்பு அவன் அம்மா இந்தக் கடைக்கு வந்து, அவன் மெயிலுக்கு வந்திருந்த ஒரு ரசீதை பிரிண்ட் எடுத்திருந்தார். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் போனில் சொன்னது அவன்தான்.

மூன்றாவதும் ஒன்று உண்டு. பக்கத்துக் கிராமத்து விவசாயி ஒருவருக்கு, கடையில் டிராக்டர் கடன் பார்த்த மறுநாளிலிருந்து தினமும் கடன் கம்பெனி அழைப்புகள்.

மூன்றையும் அண்ணன் ஒரே கோணிக்குள் போட்டு வைரஸ் என்று கட்டிவிட்டார். புதிதாக ஒரு ஆன்டிவைரஸும் வாங்கிப் போட்டிருந்தார். அது சுத்தம் என்று சான்று கொடுத்தது, விளம்பரம் அப்படியே இருந்தது. வைரஸ் இல்லை என்பது உண்மைதான். மூன்று புகாருக்கும் மூன்று வேறு காரணங்கள். குக்கீயைத் தடுத்தால் தீர்ந்துபோவது முதலாவது மட்டும்.

முதல் கணினியில் கண்டது

குரோமில் எஃப்12 அழுத்தினால் டெவலப்பர் கருவிகள் திறக்கும். அதில் நெட்வொர்க் என்ற தாவலை வைத்துக்கொண்டு தினமும் எல்லோரும் பார்க்கும் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தேன். செய்தி ஒரு முகவரியிலிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த ஒரு பக்கத்துக்காக பிரௌசர் பேசிய முகவரிகள் வரிசையாக ஓடின: கூகுளின் விளம்பரச் சேவையான டபுள்கிளிக், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் பிக்சல் என்ற உளவு நிரல், பெயரே கேள்விப்படாத இன்னும் பல. ஒவ்வொன்றுக்கும் போன கோரிக்கையோடு ஒரு குக்கீயும் சேர்ந்து போனது.

குக்கீ என்பது தளம் நம் பிரௌசரில் எழுதிவைக்கும் சிறு குறிப்பு. 1994-இல் நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மொன்டுல்லி கொண்டுவந்தது. வலைத்தளத்துக்கு ஞாபகம் கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால் நீங்கள் யார் என்று அதற்குத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் குக்கீ வந்தது. டிக்கெட் போடும்போது ஒவ்வொரு பக்கத்திலும் மறுபடி உள்நுழையாமல் இருப்பது அதனால்தான். அந்தத் தளம் தன் பயனுக்காகத் தானே எழுதும் குக்கீயில் பெரிய வில்லங்கம் ஒன்றும் இல்லை.

நீங்கள் திறக்காத ஒருவர் எழுதும் குக்கீயில்தான் சிக்கல். இதை மூன்றாம் தரப்புக் குக்கீ என்பார்கள். நகையை மீட்டு விற்றுத் தருவதாகச் சொல்லும் ஒரு தளத்தை அந்தக் கணினியில் யாரோ திறந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் விளம்பர நிறுவனத்தின் ஒரு வரி நிரல் இருக்கிறது. அது பிரௌசருக்கு ஒரு எண் கொடுக்கிறது. பெயர் இல்லை, ஊர் இல்லை, கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டையின் மேல் எழுதுகிற எண்ணைப் போல வெறும் எண்தான். பிறகு செய்தித் தளத்தைத் திறக்கும்போது அங்கே விளம்பர இடத்தை நிரப்புவதும் அதே நிறுவனம். எண் அங்கேயும் போகிறது. "இந்த எண்காரர் நகை மீட்கப் பார்த்தவர்" என்று அடையாளம் தெரிந்ததும், பக்கம் திறந்து முடிவதற்குள் ஒரு ஏலம் நடந்து, நகைக்காரர் விளம்பரம் வந்து உட்கார்கிறது. அந்த ஏலத்துக்குப் பிடிப்பது பெரும்பாலும் பத்தில் ஒரு நொடி. குக்கீயை அழிக்காவிட்டால் எண் மாதக்கணக்கில் நிற்கும். குரோம் ஒரு குக்கீக்குக் கொடுக்கும் உச்ச ஆயுளே 400 நாள்.

இந்த ஏற்பாடு முழுக்க ஒரு ஊகத்தின் மேல் நிற்கிறது: ஒரு பிரௌசர் என்றால் ஒரு ஆள். தனக்கென்று ஒரு லேப்டாப் வைத்திருப்பவருக்கு அது சரி. மன்னார்குடியில் அந்த ஒரு எண்ணுக்குப் பின்னால் காலையில் ஒரு விவசாயி, பத்து மணிக்கு ஒரு கல்லூரிப் பெண், மதியம் ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியர் என்று ஊரே உட்கார்ந்து எழுந்து போகிறது. விளம்பர நிறுவனத்துக்கு இவர்கள் எல்லோரும் ஒரே ஆள். எனவே முதலாமவர் தேடியதைப் பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் காட்டுகிறது. குக்கீ பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கம்பெனிகளிடமிருந்து நம்மைக் காப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இந்தக் கடையில் எனக்குப் பெரிதாகப் பட்டது அது இல்லை. எங்கோ இருக்கும் விளம்பர நிறுவனத்துக்கு இந்த நகை யாருடையது என்று தெரியாது, கவலையும் இல்லை. அடுத்த நாற்காலியில் உட்காருகிற உறவுக்காரருக்குத்தான் அது தெரியக்கூடாது.

திருப்பூர் பையனின் கணக்கு

இதை ஹேக் என்று சொல்லமுடியாது. அம்மா பிரிண்ட் எடுத்துக்கொண்டு எழுந்தபோது யாரும் வெளியேறு என்பதை அழுத்தவில்லை. ஜிமெயிலில் உள்நுழைந்தால் கூகுள் தேடல், யூடியூப் எல்லாவற்றிலும் அதே கணக்குதான் நிற்கும். அதன் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் தேடியதெல்லாம் பையன் பேரில் பதிவாகி, அவன் போனுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதில் மூன்றாம் தரப்புக் குக்கீக்கு வேலையே இல்லை. உள்நுழைவும் குக்கீயால்தான் நிற்கிறது, ஆனால் அது கூகுள் தன் சொந்தத் தளத்துக்கு எழுதியது. விளம்பரத் தடுப்பான் போட்டிருந்தாலும் இது இப்படியே நடந்திருக்கும்.

பையனிடம் பேசி, கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் "உங்கள் சாதனங்கள்" பட்டியலைத் திறந்து அந்தக் கடைக் கணினியை வெளியேற்றச் சொன்னேன். கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன். "என் செயல்பாடு" பக்கத்தில் அந்தத் தேதிகளைத் தேர்ந்து மொத்தமாக அழிக்கச் சொன்னேன். "அண்ணே, இதுல எது எங்கம்மா தேடுனது?" என்று கேட்டான். அன்றைக்கு அந்தக் கணினியில் பல பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், பிரித்துப் பார்க்க வழியில்லை என்றேன். அது உண்மையும்கூட. வழி இருந்திருந்தாலும் நான் சொல்லியிருக்கமாட்டேன்.

டிராக்டர் விவசாயியின் கதை இன்னும் சுருக்கம். கடன் ஒப்பிட்டுப் பார்க்கும் தளத்தில் அவருடைய எண்ணைத் தட்டச்சு செய்து கொடுத்தது அண்ணன்தான். கீழே சிறிய எழுத்தில் "எங்கள் கூட்டாளிகள் தொடர்புகொள்ளச் சம்மதிக்கிறேன்" என்ற பெட்டியில் டிக் முன்கூட்டியே விழுந்திருந்தது. எண்ணைக் கொடுத்த பிறகு எந்த பிரௌசர் அமைப்பும் அதைத் திருப்பி வாங்கித் தராது.

இன்காக்னிடோவை நம்பிய கதை

இன்காக்னிடோ என்பது, மூடியதும் வரலாறும் குக்கீயும் அழிந்துபோகும் குரோமின் தனி ஜன்னல். அண்ணனுக்கு அது தெரியும். "அதுலதான் தம்பி ரெண்டாவது கம்ப்யூட்டரை ஓட்டுறேன், அதுலயும் வருதே" என்றார். எப்படி ஓட்டுகிறார் என்று கூடவே உட்கார்ந்து பார்த்தேன். காலையில் கடை திறந்ததும் இன்காக்னிடோ ஜன்னல் ஒன்றைத் திறக்கிறார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதிலேயே புதுத் தாவல் போடுகிறார். இரவு கடை மூடும்போது ஜன்னலை மூடுகிறார்.

இன்காக்னிடோவில் திறக்கும் எல்லாத் தாவல்களும், ஏன், எல்லா இன்காக்னிடோ ஜன்னல்களும், ஒரே குக்கீக் கிடங்கைத்தான் பயன்படுத்தும். கடைசி ஜன்னல் மூடும்வரை எதுவும் அழியாது. காலை ஒன்பது மணிக்கு வந்தவரின் ஜிமெயில் மாலை ஆறு மணிக்கு வந்தவருக்குத் திறந்தே கிடக்கும். குரோமின் இன்காக்னிடோ மூன்றாம் தரப்புக் குக்கீகளை இயல்பாகவே தடுக்கும் என்பது சரி. ஆனால் பக்கத்தைத் திறந்தவுடன் மேலே ஒரு கண் சின்னம் வந்து, தளம் சரியாக வேலை செய்யவில்லை என்றால் குக்கீயை அனுமதிக்கலாம் என்கிறது. எதையும் வேகமாக முடிக்க நினைக்கும் அண்ணன் அதையும் அழுத்திப் பழகியிருந்தார்.

இன்காக்னிடோ எதை மறைக்கிறது என்பதில் கூகுளே அமெரிக்காவில் வழக்கைச் சந்தித்தது. 2020-இல் தொடுத்த அந்த வழக்கில் 2024-இல் சமரசம் ஏற்பட்டு, பல நூறு கோடிப் பதிவுகளை அழிக்கவும், அந்த ஜன்னலின் எச்சரிக்கை வாசகத்தைத் திருத்தவும் கூகுள் ஒத்துக்கொண்டது. அங்கேயே அந்தக் குழப்பம் என்றால் அண்ணனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது!

மாற்றியது

மூன்று கணினியிலும் முதலில் குரோமின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்குப் போய், மூன்றாம் தரப்புக் குக்கீகளை எப்போதும் தடு என்று வைத்தேன். இதை நாமாகத்தான் செய்யவேண்டும். ஆப்பிளின் சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து இவற்றை மொத்தமாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2019-இலேயே தெரிந்த உளவுக் குக்கீகளைத் தடுக்க ஆரம்பித்து, 2022-இலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறது. ஒரு தளத்தில் பெற்ற எண்ணை இன்னொரு தளத்தில் காட்டமுடியாது. கூகுள், 2020 ஜனவரியில் இரண்டு வருஷத்தில் நிறுத்திவிடுவோம் என்றது. தள்ளித் தள்ளிப் போட்டு, 2024 ஜூலையில் பயனர் விருப்பத்துக்கு விடுகிறோம் என்று மாற்றி, 2025 ஏப்ரலில் அதற்காகத் தனியாகக் கேட்கப்போவதும் இல்லை என்று முடித்துக்கொண்டது. உலகின் பெரிய விளம்பர நிறுவனமும், உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் பிரௌசரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வேறென்ன எதிர்பார்ப்பது?

ஃபயர்ஃபாக்ஸுக்கு மாறிவிடலாமே என்று கேட்டதற்கு அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "கவர்ன்மென்ட் சைட்டெல்லாம் குரோம்லதான் தம்பி பழக்கம்." மூன்றாவது கணினியில் மட்டும் ஒத்துக்கொண்டார். அதில் ஃபயர்ஃபாக்ஸும், யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சியும் (எக்ஸ்டென்ஷன்) போட்டேன். குக்கீயை மட்டும் தடுத்தால் உளவு நிரல் பக்கத்தில் ஓடத்தான் செய்யும். யூபிளாக் அந்த முகவரிக்கான கோரிக்கையையே போகவிடாது. மெட்டாவின் பிக்சல், கூகுள் அனலிட்டிக்ஸ் போன்றவை நாம் திறந்த தளத்தின் பேரிலேயே குக்கீ எழுதுவதால், மூன்றாம் தரப்புத் தடை அவற்றைத் தொடாது. அங்கேதான் இந்த நீட்சி கைகொடுக்கிறது. குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றிவிட்டதால் அங்கே முழு யூபிளாக் இனி ஓடாது. லைட் என்ற சுருங்கிய பதிப்புதான். முதல் இரண்டு கணினியிலும் அதைப் போட்டேன்.

ஆனால் இந்தக் கடைக்கு உண்மையில் பலன் கொடுத்தது வேறொன்று: வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் குரோமின் விருந்தினர் (கெஸ்ட்) ஜன்னலில்தான் வேலை, எழுந்ததும் ஜன்னலை மூடவேண்டும். மூடினால் குக்கீ, வரலாறு, உள்நுழைவு எல்லாம் போய்விடும். வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவர்கள் பிரச்சினையும் இதோடு தீர்ந்தது. அண்ணன் தன் ஆபரேட்டர் வேலைக்குக் குரோமில் தனி சுயவிவரம் (புரொஃபைல்) வைத்துக்கொண்டார். டெஸ்க்டாப்பில் இரண்டு குறுக்குவழி: பச்சை வாடிக்கையாளருக்கு, சிவப்பு அண்ணனுக்கு. குறுக்குவழியின் இலக்கு வரியில் ஒரு சொல் சேர்த்தால் குரோம் நேராக விருந்தினர் ஜன்னலிலேயே திறக்கும், மெனுவைத் தேடவேண்டியதில்லை. விருந்தினர் ஜன்னலில் நீட்சிகள் ஓடாது, அதனால் அங்கே யூபிளாக் லைட் இல்லை. அதை விட்டுக்கொடுப்பதா என்று யோசித்து, விட்டுக்கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் அழிந்துபோகிற ஜன்னலில் ஒரு எண் ஒட்டினால் ஒட்டிவிட்டுப் போகட்டும்.

உடைந்ததும், உடைந்ததுபோல் தெரிந்ததும்

ஒரு கட்டணப் பக்கம் உடனே நின்றது. தளம் ஒன்று, அதற்குள் பணம் கட்டும் பகுதி வேறொரு நிறுவனத்தின் முகவரியிலிருந்து வருகிறது. அதற்குக் குக்கீ மறுக்கப்பட்டதும் சுற்றிக்கொண்டே இருந்தது. பணம் போய் ரசீது வராமல் போனால் கடையில் சண்டைதான். அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அமைப்புகளில் விதிவிலக்கு கொடுத்தேன். இங்கே பலரும் கோபத்தில் தடையையே மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். விதிவிலக்குப் பட்டியலை ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து அண்ணன் மறுபடி கூப்பிட்டார். "வந்துடுச்சு தம்பி, அதே நகைக் கடன்!" போய்ப் பார்த்தால் அவர் திறந்து வைத்திருந்தது அன்றைய தங்கம் விலைப் பக்கம். தங்கம் விலை பார்க்கிறவருக்கு நகைக் கடன் விளம்பரம் காட்ட எந்தக் குக்கீயும் வேண்டாம். பக்கத்தின் பொருளே போதும். இணைய இணைப்பின் ஐபி முகவரியை வைத்து எந்த வட்டாரம் என்று ஓரளவு தெரிவதும் போதும். அதே பக்கத்தை என் போனில் புதிதாகத் திறந்து காட்டினேன், அங்கும் அதே விளம்பரம். பிறகு விருந்தினர் ஜன்னலில் நகைத் தளம் ஒன்றைத் திறந்து மூடிவிட்டு, புது ஜன்னலில் சமையல் குறிப்புப் பக்கத்தைத் திறந்தோம். மிக்ஸி விளம்பரம் வந்தது. அதன் பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

2021-இல் கூட்டுறவுச் சங்கங்களில் 5 பவுன் வரையிலான நகைக் கடனைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்வதாக அறிவித்ததிலிருந்து இந்த வட்டாரத்தில் "நகைக் கடன் தள்ளுபடி" என்று தேடாத நாளே இல்லை. அந்தத் தேடலுக்கு விளம்பரம் வருவதை யாரும் நிறுத்தமுடியாது. நிறுத்தவேண்டியது, அது அடுத்தவர் பக்கத்துக்குப் போய் உட்காருவதை.

அண்ணன் தன் போனிலும் இதையே செய்து தரச் சொன்னார். போனில் பாதி வேலை செயலிகளில் நடக்கிறது. அங்கே குக்கீக்குப் பதில் விளம்பர ஐடி. ஆண்ட்ராய்டின் அமைப்புகளில் கூகுள், அதற்குள் விளம்பரங்கள் என்று போனால் அந்த ஐடியை நீக்கலாம். நீக்கிக் கொடுத்தேன்.

சம்மதம் யாருடையது

எனக்கு இன்னும் நெருடுவது ஒன்று இருக்கிறது. தளங்களில் வரும் "அனைத்தையும் ஏற்கிறேன்" பொத்தானை அந்தக் கடையில் அழுத்துவது ஆபரேட்டர். தகவல் வாடிக்கையாளருடையது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம் தெளிவாகவும் தானாக முன்வந்தும் தரப்படவேண்டும் என்கிறது சட்டம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஒரு பெரியவர் அண்ணனுக்குப் பின்னால் பையோடு நிற்கிறார். அண்ணன் மவுஸால் ஒரு தட்டு தட்டுகிறார். அதில் யார் சம்மதித்தார்கள்? டிராக்டர் கடன் பெட்டியில் நடந்ததும் இதுவேதான்.

இதற்கு அமைப்புகளில் மருந்து இல்லை. இப்போது கடையில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது: போன் எண் கேட்கிற எந்தப் படிவத்திலும், எண்ணைத் தட்டுவதற்கு முன் "உங்க நம்பரைக் கேக்குறாங்க, கம்பெனிக்காரங்க கூப்பிடுவாங்க, குடுக்கவா ஐயா?" என்று அண்ணன் வாய்விட்டுக் கேட்கிறார். பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள்.

நவம்பர் காப்பீட்டு நெரிசலில் பச்சை ஜன்னலை ஆளுக்கு ஆள் மூடித் திறப்பது ஒழுங்காக நடக்கவில்லை. வரிசை நீளும்போது ஒரே ஜன்னலில் நாலைந்து பேர் வேலையை முடித்திருக்கிறார்கள். குரோமில் விருந்தினர் பயன்முறையைக் கட்டாயமாக்கும் நிர்வாக அமைப்பு உண்டு. அதைப் போட்டால் ஆபரேட்டர் சுயவிவரமும் அந்தக் கணினியில் திறக்காது. அதனால் இரண்டாவது கணினியை வாடிக்கையாளருக்கு மட்டும் என்று ஒதுக்கி, அதில் மட்டும் அதைப் போடலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். டவுன்லோட்ஸ் கோப்புறையில் விருந்தினர் ஜன்னல் எதையும் அழிக்காது என்பதால், அங்கே சேர்ந்திருந்த ஆதார், சிட்டா பிடிஎஃப்களைத் தினம் இரவு துடைக்க ஒரு சிறு நிரல் எழுதிப் போட்டிருக்கிறேன்.

திருப்பூர் பையனின் அம்மா இப்போது தன் பேரில் ஒரு ஜிமெயில் கணக்கு திறந்துகொண்டார். கடவுச்சொல்லை மகனிடம் சொல்லவில்லையாம்.